அடைத்த வாயில்களும் அடங்காத வினாக்களும்
ஐரோப்பியப் புலமை வரலாற்றில் மூன்று தீர்மானங்கள் பற்றிய ஓர் ஆய்வு

ஒரு வாதம் எவ்விடத்தில் முடிவடைகின்றது என்பது தருக்க நூலார் நெடுங்காலமாகச் சிந்தித்து வந்த வினாவாகும். இந்தியத் தருக்க மரபிலே நியாய நூலார் சொற்போரை வாதம், செற்பம், விதண்டை என மூவகைப்படுத்தினர். வாதிடுவோன் எவ்வெவ்விடத்தில் தோற்றவனாகக் கொள்ளப்படுவான் என்பதை வரையறுக்க 22 தோல்வித்தானங்களையும் வகுத்தனர். முன்னர்க் கூறியதையே பயனின்றி மீண்டும் கூறுதல் அவற்றுள் ஒன்று. தமிழ் இலக்கண நூலாரும் கூறியது கூறலை நூலுக்குரிய குற்றங்களுள் ஒன்றாக வைத்தமை யாவரும் அறிந்ததே.

ஆயின், இவ்விதிகள் ஓரவையில் எதிரெதிரே இருந்து வாதிடுவோரை நோக்கி எழுந்தவை. வாதத்தைத் தொடக்கியோர் மறைந்த பின்னரும் தலைமுறை தலைமுறையாகப் புதியோர் வந்து மறுமொழி கூறும் வாதங்களும் உள. அத்தகைய வாதத்தை முடித்து வைக்கும் உரிமை எவருக்கு உண்டு? முடித்து வைப்பதுதான் முறையா? 17ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பாவிலே தோன்றிய புலமைக் கழகங்கள் இவ்வினாவை நடைமுறையிலேயே எதிர்நோக்க வேண்டியிருந்தன. பழைய வினாக்களுக்குப் புதிய விடைகள் என்ற பெயரில் வந்து குவிந்தவற்றைப் படித்துத் தீர்ப்பளிப்பது அவற்றுக்குப் பெருஞ்சுமையாயிற்று. எனவே சில கழகங்களும் மாநாடுகளும் குறிப்பிட்ட சில வாதங்களை இனி ஏற்பதில்லை எனத் தீர்மானித்தன. 1775, 1866, 1880 ஆகிய ஆண்டுகளில் நிறைவேறிய அத்தகைய மூன்று தீர்மானங்களையும் அவற்றின் பின்விளைவுகளையும் ஒப்பிட்டு ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

1. வட்டமும் சதுரமும் (1775)

பாரிஸ் நகரிலே 1666ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட அரச விஞ்ஞானக் கழகம் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிவுலகின் நீதிமன்றம் போல விளங்கிற்று. புதிய கண்டுபிடிப்புக்கு உரிமை கோருவோர் தம் ஆக்கங்களை அதற்கு அனுப்புவர். உறுப்பினர் சிலர் கொண்ட குழு ஆராய்ந்து அறிக்கை சமர்ப்பிக்கும். இவ்வாறு வந்தவற்றுள் கணிசமானவை பண்டைக் கிரேக்கர் விட்டுச்சென்ற மூன்று கேத்திரகணிதப் பிரசினங்களைப் பற்றியவையாக இருந்தன. தரப்பட்ட வட்டத்துக்குப் பரப்பளவிற் சமமான சதுரத்தை அமைத்தல், தரப்பட்ட கோணத்தை மூன்று சமகூறுகளாகப் பிரித்தல், தரப்பட்ட சதுரமுகியின் இரு மடங்கு கனவளவுடைய சதுரமுகியை அமைத்தல் என்பனவே அவை. நேர்விளிம்பையும் கவராயத்தையும் மாத்திரம் பயன்படுத்தி இவற்றைச் செய்தல் வேண்டும் என்பது விதி. இவற்றோடு, வெளியிலிருந்து எவ்வித சக்தியையும் பெறாது என்றென்றும் இயங்கும் பொறியைத் தாம் அமைத்துவிட்டதாகக் கூறியோரும் இருந்தனர்.

1775ஆம் ஆண்டில் அக்கழகம், இம்மூன்று பிரசினங்களுக்குமான தீர்வுகளையோ ஓயா இயக்கப் பொறி என்று கூறப்படும் எதனையுமோ இனி ஆராய்வதில்லை எனத் தீர்மானித்தது. அத்தீர்மானத்திற்கான நியாயங்களைப் பின்னாளில் கழகத்தின் நிரந்தரச் செயலாளராக விளங்கிய கொண்டோர்சே எழுத்திலே விளக்கினார். அவற்றுள் இரண்டு சிறப்பாக நோக்கற்பாலன. முதலாவது, வட்டத்தைச் சதுரமாக்குவோருக்கு அரசாங்கங்கள் பெருந்தொகைப் பரிசு வைத்துள்ளன என்ற தவறான நம்பிக்கை மக்களிடையே பரவியிருந்தமை. உண்மையில் பிரித்தானியப் பாராளுமன்றம் 1714இல் 20,000 பவுண் வரை பரிசு வழங்குவதாக அறிவித்தது, கடலிலே நெடுங்கோட்டைக் கணிக்கும் வழியைக் காண்போருக்கே ஆகும். இரண்டாவது, கணிதத்தை முறையாகக் கல்லாதோர் பலர் தம் தொழிலையும் பொருளையும் கைவிட்டு இம்முயற்சியில் ஈடுபட்டு வறுமையுற்றமை. கழகம் இவர்களுடைய தாள்களைத் தொடர்ந்து பெற்று ஆராய்வது அவர்களின் மாயையை வளர்ப்பதாகவே முடியும் எனக் கருதப்பட்டது. எனவே இத்தீர்மானம் கழகத்தாரின் நேரத்தைக் காப்பதற்காக மாத்திரமன்றி, அனுப்புவோரின் நலன் கருதியும் எடுக்கப்பட்டதாகக் காட்டப்பட்டது.

இங்கு ஓர் உண்மையை மறத்தலாகாது. 1775இல் இப்பிரசினங்கள் தீர்க்கமுடியாதவை என்பது நிறுவப்பட்டிருக்கவில்லை. பரிதிக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் ஒரு விகிதமுறா எண் என்பதை லம்பேட் 1760களில் நிறுவியிருந்தார். ஆயினும் அது போதாது. இரண்டின் வர்க்கமூலமும் விகிதமுறா எண்ணே. அதனை ஒரு சதுரத்தின் மூலைவிட்டமாக எவரும் எளிதில் வரைந்து காட்டலாம். கோணத்தை முக்கூறிடுதலும் சதுரமுகியை இரட்டித்தலும் பொதுவாக இயலாதவை என்பதை வான்செல் 1837இலேயே நிறுவினார். வட்டத்தைச் சதுரமாக்கல் இயலாது என்பதை லிண்டமன் 1882இல் நிறுவினார். ஆகவே, கழகம் வாயிலை அடைத்து 107 ஆண்டுகள் கழிந்த பின்னரே அதன் முடிவுக்கு முழுமையான ஆதாரம் கிடைத்தது எனலாம். ஓயா இயக்கப் பொறியைப் பொறுத்தவரையிலும் மாயர், ஜூல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோரின் ஆய்வுகள் வழியாகச் சக்திக் காப்புத் தத்துவம் நிலைபெற்றது 1840களிலேதான்.

அவ்வாறாயின், ஆதாரமின்றி எடுத்த முடிவு தற்செயலாகச் சரியாயிற்று என்று கொள்ளலாமா? அவ்வாறு கொள்வது பொருந்தாது. கழகம் எதனை மறுத்தது என்பதை நுணுகி நோக்குதல் வேண்டும். தீர்வு கண்டுவிட்டதாகக் கூறும் தாள்களை ஆராயவே அது மறுத்தது. அவ்வெண்ணின் இயல்பு யாது, தீர்வு இயலுமா இயலாதா என்ற ஆய்வுகளுக்கு அது தடை விதிக்கவில்லை. லிண்டமனின் நிறுவலுக்கு வழிகாட்டியது ஏர்மிற் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1873இல் வெளியிட்ட ஆய்வாகும். அவ்வாய்வு வெளிவந்ததும் அதே பாரிஸ் கழகத்தின் ஏட்டிலேயே. வாதத்தின் ஒரு பக்கத்து வாயில் அடைபட்டிருந்தபோதும் மறுபக்கத்து வாயில் திறந்தே இருந்தது.

அறிஞர் கூட்டத்தின் பொதுக்கருத்து எக்காலத்தும் சரியாகவே இருக்கும் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளவும் முடியாது. 1768இல் பிரான்சின் லூசே என்னும் ஊரில் வானிலிருந்து ஒரு கல் விழுந்ததாக மக்கள் கூறினர். அதனை ஆராய இதே கழகம் நியமித்த மூவர் குழுவில் இளைஞரான லவோசியேயும் இருந்தார். அக்கல் வானிலிருந்து விழவில்லை. மின்னல் தாக்கிய நிலத்துக் கல்லே என அக்குழு 1772இல் முடிவு கூறியது. பின்னர் 1803ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆந் திகதி லேக்ள் என்ற ஊரின் சுற்றுப்புறத்தில் ஆயிரக்கணக்கான கற்கள் விழுந்தபோது, பியோ என்ற அறிஞர் நேரிற் சென்று ஆராய்ந்து மக்கள் கூற்றே உண்மை என அறிவித்தார். விண்கற்களைப் பற்றிய செய்திகளை இனி ஏற்பதில்லை என்று கழகம் முன்னரே விதி செய்திருப்பின், இத்திருத்தம் அங்கு நிகழ்ந்திருத்தல் அரிதாகும்.

2. மொழியின் பிறப்பு (1866)

மொழி எவ்வாறு தோன்றிற்று என்ற வினா வட்டத்தைச் சதுரமாக்கும் வினாவைப் போலவே தொன்மையானது. எகிப்திய மன்னன் ஒருவன் இரு குழந்தைகளை மனிதப் பேச்சே கேளாதபடி ஓர் இடையனிடம் வளர்க்கச் செய்து, அவை முதலிற் கூறும் சொல் எம்மொழிக்குரியது என அறிய முயன்றதாக எரொடோற்றசு எழுதியுள்ளார். முகலாயப் பேரரசர் அக்பரும் இத்தகைய சோதனையொன்றை நடத்தினார். பேச்சுக் கேளாது வளர்ந்த அக்குழந்தைகள் எம்மொழியையும் பேசவில்லை. 18ஆம் நூற்றாண்டில் இவ்வினா ஐரோப்பியத் தத்துவ ஞானிகளின் பெருவிருப்புக்குரியதாயிற்று. உடலசைவும் இயல்பான கூக்குரலுமே மொழியின் தொடக்கம் எனக் கொண்டியாக் 1746இல் எழுதினார். மொழியின்றிச் சமுதாயம் அமையாது, சமுதாயமின்றி மொழி அமையாது என்ற இக்கட்டை றூசோ 1755இல் எடுத்துக் காட்டினார். பெர்லின் கழகம் 1769இல் இதனைப் பரிசுக் கட்டுரைக்குரிய பொருளாக அறிவிக்க, ஹேர்டர் பரிசு பெற்று அக்கட்டுரையை 1772இல் வெளியிட்டார்.

19ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. 1786இல் வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவைச் சுட்டிய பின்னர், ஒப்பியல் மொழிநூல் ஒரு துறையாக வளர்ச்சியடைந்தது. கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்ததும் இவ்வளர்ச்சியின் பயனே. ஒலிமாற்றங்களை விதிமுறையாகக் காட்டி நிறுவும் இப்புதிய முறை, எழுத்திற் கிடைக்கும் சான்றுகளிலிருந்து சில ஆயிரம் ஆண்டுகள் மாத்திரமே பின்னோக்கிச் செல்ல வல்லது. மொழியின் பிறப்போ அதற்கு எட்டாத் தொலைவில் உள்ளது. ஆயினும் ஊகங்கள் குறையவில்லை. விலங்கொலிகளைப் போலச் செய்தலிலிருந்து மொழி பிறந்தது என்ற கொள்கையையும், உணர்ச்சிக் குரல்களிலிருந்து பிறந்தது என்ற கொள்கையையும் 1861இல் மாக்ஸ் முல்லர், நாய் குரைப்பதையும் மனிதர் சீயென்று இகழ்வதையும் நினைவூட்டும் பெயர்களை இட்டு எள்ளி நகையாடினார். பொருள்கள் தட்டப்படும்போது ஒலிப்பதுபோல மனித உள்ளமும் ஒலித்தது என்ற அவருடைய கொள்கைக்கு மற்றையோர் மணியோசையின் பெயரை இட்டுப் பழிதீர்த்துக் கொண்டனர்.

இத்தகைய சூழலிலேதான் 1866இல் பாரிஸ் மொழியியற் கழகத்தின் விதிகள் அங்கீகரிக்கப்பட்டன. அவற்றுள் இரண்டாம் விதி, மொழியின் தோற்றம் பற்றியோ உலகப் பொதுமொழி ஒன்றை ஆக்குதல் பற்றியோ எவ்வித ஆய்வுரையையும் கழகம் ஏற்காது எனக் கூறியது. 1775இன் தீர்மானத்தோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு உடனே புலப்படுகின்றது. இவ்விதி காரணம் எதனையும் கூறவில்லை. அன்றியும், குறிப்பிட்ட வகையான விடையை மாத்திரம் விலக்காமல் வினா முழுவதையுமே விலக்கியது.

இத்தடையால் நன்மை விளையவில்லை எனக் கூறுதல் நேர்மையாகாது. கழகத்தின் ஏடுகள் ஒலியியல், ஒப்பிலக்கணம், பேச்சுவழக்கு முதலிய துறைகளிலே திட்பமான ஆய்வுகளுக்கு இடமளித்தன. சசூர், மெய்யே போன்ற பேரறிஞர்கள் அக்கழகத்தின் பணிகளிற் பங்குகொண்டு அதற்குப் புகழ் தேடித் தந்தனர். மொழித் தோற்றம் பற்றிய வினா பொதுவாகக் கருதப்படும் அளவுக்கு முக்கியமானதன்று என்பதே சசூரின் கருத்துமாகும். ஓர் இளந்துறை தன் எல்லையை வகுத்துக்கொள்ள இத்தகைய கட்டுப்பாடு உதவிற்று எனலாம்.

எனினும், தடை விதிக்கப்பட்ட காலமும் இடமும் கவனிக்கத்தக்கவை. டார்வினின் உயிரினங்களின் தோற்றம் 1859இல் வெளிவந்துவிட்டது. 1861இல், பேச்சிழந்த நோயாளி ஒருவரின் மூளையை ஆராய்ந்த புறோக்கா, பேச்சுத்திறனுக்கும் மூளையின் முன்மடலுக்கும் உள்ள தொடர்பை அதே பாரிஸ் நகரத்து மானிடவியற் கழகத்தின் முன் எடுத்துரைத்தார். ஊகத்தையன்றி வேறெதனையும் ஆதாரமாகக் கொண்டிராத வினாவுக்கு உடற்கூற்றியலும் கூர்ப்புக் கொள்கையும் புதிய சான்றுகளை வழங்கத் தொடங்கிய வேளையிலே வாயில் அடைக்கப்பட்டது. 1871இல் டார்வின் மனிதனின் மரபு பற்றிய நூலில் மொழியின் தோற்றத்தைப் பறவைகளின் பாடலோடு ஒப்பிட்டு விவாதித்தார். அவ்விவாதத்தை மொழியறிவோடு பரிசீலித்திருக்கக் கூடிய கழகமோ அதனைத் தன் எல்லைக்குப் புறம்பாக்கியிருந்தது. டேனிய அறிஞர் யெஸ்பர்சன் 1922இல் வெளியிட்ட மொழி பற்றிய நூலிலே இத்தகைய விலக்கை ஏற்காது, தோற்றம் பற்றிய வினாவையே தம் நூலின் இறுதிப் பகுதிக்குரிய பொருளாக்கினார்.

தடையின் இரண்டாவது பகுதியும் நிலைக்கவில்லை. சமன்ஹொவ் 1887இல் எஸ்பெரான்ரோ மொழியை வெளியிட்டார். 1907இல் பொதுமொழி ஒன்றைத் தெரிவு செய்வதற்கெனக் கூடிய குழு அமர்ந்ததும் பாரிஸ் நகரத்திலேயே. யெஸ்பர்சனைப் போன்ற மொழியியலாளர் அதில் உறுப்பினராயிருந்தனர்.

தமிழுலகை நோக்கினாலும் இவ்வினாவின் ஈர்ப்பு புலப்படும். ஈழத்திலே நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரும் தமிழகத்திலே ஞா. தேவநேயப் பாவாணரும் தமிழ்ச் சொற்களின் வேர்களைத் தேடிச் சென்றபோது, முதற் சொற்கள் எவ்வாறு பிறந்தன என்ற வினாவையும் எதிர்கொண்டே ஆகவேண்டியிருந்தது. அவர்தம் முடிவுகளை ஏற்பதும் மறுப்பதும் வேறு விடயம். கழகமொன்று தன் வாயிலை அடைத்தமையால் வினா அடங்கிவிடுவதில்லை. அது அக்கழகத்தின் பரிசீலனைக்கு அப்பாலே வளர்கின்றது என்பதே இங்கு கருதத்தக்கது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வினா மீண்டும் புலமையுலகின் நடுவே வந்தது. மனித மொழிக்குரிய இயல்புகளை விலங்குகளின் தொடர்பு முறைகளோடு ஒப்பிட்டு ஹொக்கற் 1960இல் கட்டுரை வெளியிட்டார். 1975இல் நியூயோர்க் விஞ்ஞானக் கழகம் மொழியின் தோற்றம் பற்றிப் பெரியதொரு மாநாட்டை நடத்தியது. பேச்சோடு தொடர்புடைய பரம்பரையலகு ஒன்று 2001இல் இனங்காணப்பட்டது. குறிப்பாக ஒரு வாதத்தின் போக்கு அறிவுறுத்துவதாக உள்ளது. குரல்வளையின் அமைப்புக் காரணமாகவே குரங்குகளால் மனிதரைப் போலப் பேச இயலவில்லை என்ற லீபர்மனின் கருத்து நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. 2016இல் வெளியான ஆய்வொன்று, உயிருள்ள குரங்கின் வாயசைவுகளை ஊடுகதிர்ப் படங்களால் ஆராய்ந்து, பேச்சுக்குப் போதிய ஒலிகளை அவ்வுறுப்புக்களால் எழுப்ப இயலும் என்றும் குறைபாடு மூளையிலேயே உள்ளது என்றும் வாதிட்டது. லீபர்மன் அதனை மறுத்தெழுதினார். 1866இல் இத்தகைய வாதம் கற்பனைக்கும் எட்டாதது.

ஆயின், தடையாளரின் ஐயம் முற்றாகத் தவறன்று என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். மொழியின் கூர்ப்புப் பற்றி இதுவரை கிடைத்த சான்றுகள் மிகக் குறைவு. அடிப்படை வினாக்கள் இன்னும் விளக்கம் பெறவில்லை எனச் சொம்ஸ்கி உள்ளிட்ட அறிஞர் குழுவொன்று 2014இல் எழுதியது. குறிப்பிடத்தக்கது யாதெனில், அவர்கள் அதனை ஒரு வாதமாகவே முன்வைத்தனர்; பிறர் மறுமொழி கூறவும் இடமிருந்தது. 1866இன் விதி அவ்விடத்தை வைக்கவில்லை.

3. கையும் நாவும் (1880)

மேற்கூறிய இரு தீர்மானங்களாலும் பாதிக்கப்பட்டது அறிவு மாத்திரமே. மூன்றாவது தீர்மானமோ மனிதரின் வாழ்வைப் பாதித்தது.

1760ஆம் ஆண்டளவில் தெ லெப்பே என்னும் குருவானவர் பாரிஸ் நகரில் செவிப்புலனற்ற சிறுவர்க்கான பாடசாலையைத் தொடக்கினார். அவர்கள் தமக்குள் வழங்கிய சைகைகளை ஆதாரமாகக் கொண்டே அவர் கல்வி புகட்டினார். உடலசைவே மொழியின் தொடக்கம் என எழுதிய கொண்டியாக் அவருடைய பாடசாலைக்குச் சென்று பார்த்துப் பாராட்டினார். எனவே மொழித் தோற்றம் பற்றிய வாதமும் செவிப்புலனற்றோர் கல்வி பற்றிய வாதமும் தொடக்கத்தில் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. மறுபுறம், செவிப்புலனற்றோருக்கு உதட்டசைவைப் பார்த்து உணரவும் வாயாற் பேசவும் பயிற்றுதலே முறை என்ற கொள்கை ஜெர்மனியில் வலுப்பெற்றது. இரு கொள்கைகளுக்கும் இடையிலான வாதம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீடித்தது.

1880ஆம் ஆண்டு செப்ரெம்பரில் இத்தாலியின் மிலான் நகரிற் கூடிய கல்வியாளர் மாநாடு இவ்வாதத்தை முடித்து வைக்க முனைந்தது. சைகையை விடப் பேச்சு ஐயத்துக்கிடமின்றி மேலானது; ஆகவே வாய்மொழி முறையே பின்பற்றப்படல் வேண்டும் என்ற தீர்மானம் 160 வாக்குகள் சார்பாகவும் 4 வாக்குகள் எதிராகவும் பெற்று நிறைவேறியது. வாக்களித்தோருள் மிகப் பெரும்பாலோர் இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் ஆவர். எவருடைய கல்வி பற்றி முடிவெடுக்கப்பட்டதோ அவர்களுக்கு அவ்வவையில் இடம் இருக்கவில்லை என்றே கூறவேண்டும்.

தீர்மானத்தின் விளைவுகள் விரைவில் தென்பட்டன. ஐரோப்பியப் பாடசாலைகள் பலவற்றிலிருந்து சைகைமொழி அகற்றப்பட்டது. செவிப்புலனற்ற ஆசிரியர்கள் தம் பதவிகளை இழந்தனர். வகுப்பறையில் விலக்கப்பட்ட மொழி, பாடசாலை விடுதிகளிலும் செவிப்புலனற்றோர் சங்கங்களிலும் மாத்திரம் மறைவாக உயிர்வாழ்ந்தது. 1900இல் பாரிஸ் நகரில் மீண்டும் மாநாடு கூடியபோது செவிப்புலனற்றோர் திரளாக வந்து தம் கருத்தைக் கூற முற்பட்டனர். எனினும் கேட்போருக்கு ஓர் அமர்வும் கேளாதோருக்கு வேறோர் அமர்வுமாக மாநாடு பிரிக்கப்பட்டது. சைகைமொழியைச் சேர்த்துக்கொள்ளுமாறு கேளாதோர் விடுத்த கோரிக்கை 1880இன் முடிவை அசைக்கவில்லை. இது 1775ஐப் போலப் பயனற்ற மறுமொழிகளை விலக்கியதன்று. தம் அனுபவத்தையே சான்றாகக் கொண்டு வந்தவர்களின் முதல் மறுமொழியை, வாதம் முடிந்துவிட்டது என்ற காரணங்காட்டித் தள்ளியதாகும்.

வாயில் திறப்பதற்கு நெடுங்காலம் சென்றது. 1864இல் வாஷிங்டனில் அமைக்கப்பட்ட செவிப்புலனற்றோருக்கான கல்லூரி சைகையை முற்றாகக் கைவிடவில்லை. அங்கு ஆங்கிலம் கற்பித்த ஸ்ரோக்கி என்பவர் 1960இல், மாணவர் வழங்கிய சைகைகள் கைவடிவம், இடம், அசைவு எனப் பகுத்தாராயக் கூடிய ஒழுங்குடைய மொழியே என நிறுவினார். பேச்சுமொழிக்கு உள்ளதுபோல அதற்கும் உள்ளமைப்பு உண்டு என்பது அதன் கருத்து. பிரான்சில் 1991ஆம் ஆண்டுச் சட்டம் இருமொழிக் கல்வியைத் தெரிந்தெடுக்கும் உரிமையை வழங்கியது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் பிரெஞ்சுச் சைகைமொழியைத் தனக்கென நிறைவுடைய மொழியாக ஏற்றது. 2010இல் வன்கூவர் நகரிற் கூடிய அதே மாநாட்டு மரபினர் மிலான் தீர்மானங்களை நிராகரித்து, அவற்றால் விளைந்த தீங்குக்கு வருத்தம் தெரிவித்தனர். இடையிற் கழிந்தவை 130 ஆண்டுகள். அவ்வாண்டுகளிற் பாடசாலை சென்ற பல தலைமுறைச் சிறுவர்க்கு அவ்வருத்தத்தால் ஆவது ஒன்றுமில்லை.

இவ்விடத்தில் 1866இன் வினாவும் 1880இன் வினாவும் மீண்டும் சந்திக்கின்றன. நிக்கராகுவா நாட்டின் தலைநகரான மனாகுவாவில் 1977இலும் அடுத்துவந்த ஆண்டுகளிலும் செவிப்புலனற்ற சிறுவர்க்கான பாடசாலைகள் விரிவடைந்தன. அதுவரை தனித்தனி வீடுகளில் வாழ்ந்த சிறுவர்கள் அங்கு முதன்முறையாக ஒன்றுகூடினர். ஆசிரியர் கற்பித்தது உதட்டசைவை உணர்தலையும் விரலாற் சொற்களை எழுத்துக் கூட்டுதலையுமே. சிறுவரோ விளையாட்டிடத்திலும் பேருந்திலும் தமக்குள் சைகைகளைப் பரிமாறிக்கொண்டனர். பின்னர் வந்த இளஞ்சிறார் அவற்றை மேலும் ஒழுங்குபடுத்தியமையால் இலக்கண அமைதியுடைய புதிய மொழியொன்று உருவாயிற்று. 1986 முதல் மொழியியலாளர் அதனை ஆராய்ந்து வருகின்றனர். இன்றைய மனித மூளையைக் கொண்ட சிறுவர் ஆக்கிய மொழி, ஆதிமனிதனின் முதன்மொழிக்கு நேர்ச்சான்று ஆகாது என்பது உண்மையே. எனினும் ஒரு மொழி பிறந்து வளர்வதை நேரிற் கண்டு பதிவு செய்யும் வாய்ப்பு அங்கு கிட்டியது. இரு தீர்மானங்கள் தனித்தனியே அடைத்த வாயில்களின் மறுபுறத்திலிருந்தே இச்சான்று வந்தது.

4. ஒப்புநோக்கு

இம்மூன்று நிகழ்ச்சிகளையும் ஒருங்கு நோக்கும்போது, பழைய வாதங்களை அடைத்தல் முற்றிலும் தகாதது என்றோ முற்றிலும் தகும் என்றோ முடிவுகட்ட இயலாது. கற்றோரின் நேரமும் உழைப்பும் அளவுக்குட்பட்டவை. ஒரே பிழையை நூறாவது முறையாகக் கொண்டு வருபவனுக்கு நூறாவது முறையாகவும் விடையளிக்கக் கழகம் கடமைப்பட்டதன்று. நியாய நூலார் கூறியது கூறலைத் தோல்வித்தானங்களுள் வைத்ததன் நோக்கமும் இதுவே. பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் 1775ஆம் ஆண்டுத் தீர்மானம் பெரும்பாலும் இவ்வெல்லைக்குள் நின்றது. அது விலக்கியது குறிப்பிட்ட ஒருவகை விடையை. தன் காரணங்களை வெளிப்படையாகக் கூறியது. வினாவின் வேறு பக்கங்களை ஆராய்வோருக்குத் தடையாக நிற்கவில்லை.

1866இன் விதி இவ்வெல்லையைக் கடந்தது. கூறியது கூறலை விலக்க எழுந்த அவ்விதி, இதுவரை எவரும் கூறாததையும் சேர்த்து விலக்கியது. காரணம் கூறப்படாமையால், எந்நிலை மாறினால் வாயிலைத் திறக்கலாம் என்பதை அறியவும் வழியிருக்கவில்லை. சான்று இல்லை என்பது காரணமாயின், சான்று வந்ததும் திறந்திருத்தல் வேண்டும். தத்துவ ஊகங்கள் மிகுந்துவிட்டன என்பது காரணமாயின், ஊகமல்லாத ஆய்வுகளை ஏற்றிருத்தல் வேண்டும்.

1880இன் தீர்மானமோ வேறொரு குறையை உடையது. வாதத்தின் ஒரு தரப்பினர் அவையில் இல்லாதபோது வாதம் முடிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. எதிர்வாதியின்றி நிகழ்ந்ததை வாதம் எனக் கொள்வதே அரிது. தலைமுறைகளைக் கடந்து நடக்கும் வாதங்களில் இக்குறை நேர்வதற்கு வாய்ப்பு மிக அதிகம். ஒரு முடிவால் பாதிக்கப்படுவோர் பலர் அம்முடிவு எடுக்கப்படும்போது கல்வி பெறாதோராக, அவைக்கு அழைக்கப்படாதோராக, சில வேளைகளில் இன்னும் பிறவாதோராகவும் இருப்பர். காலந்தாழ்ந்து வரும் அவர்களின் மறுமொழியைப் பழைய வாதத்தின் மீள்கூற்று எனத் தள்ளிவிடுதல் நீதியாகாது.

எனவே, ஒரு வாதத்தை அடைக்க முற்படும் அவை மூன்று வினாக்களைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளுதல் தகும். அடைபடுவது வினாவா, அன்றேல் ஒருவகை விடையா? அடைப்பதற்கான காரணம், அது நீங்கும்போது அடையாளங் காணத்தக்கவாறு கூறப்பட்டுள்ளதா? முடிவினாற் பாதிக்கப்படுவோர் ஒருமுறையேனும் பேச இடம் பெற்றனரா? இவற்றுள் மூன்றாவதே முதன்மையானது. முதலிரண்டையும் தவறவிட்ட பாரிஸ் மொழியியற் கழகத்தால் அறிவு வளர்ச்சி தாமதமாயிற்று. மூன்றாவதைத் தவறவிட்ட மிலான் மாநாட்டால் சிறுவர் தம் மொழியை இழந்தனர்.

மொழியின் தோற்றம் பற்றிய வாதத்துக்குத் தமிழ் இலக்கண மரபிலும் ஒரு தொடர்பு உண்டு. தொல்காப்பியர் உரியியலிலே சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பின் காரணத்தைப் பற்றிக் குறிப்பிடுகின்றார். அக்காரணம் இல்லை என்று அவர் கூறவில்லை. விளங்கத் தோன்றாது என்றே கூறினார். தாம் காணாததை இல்லையென மறுக்காமலும், கண்டதாகக் கூறிப் புனையாமலும், பின்வருவோர் ஆராய்வதற்கு அவ்வினாவை அவர் விட்டுச் சென்றார். 1866இல் பாரிஸ் மொழியியற் கழகத்தார் விதி எழுதியபோது இந்த அளவோடு நின்றிருப்பின், புறோக்கா தம் ஆய்வை எடுத்துரைத்த அதே நகரிலே மூளையைப் பற்றியும் மொழியைப் பற்றியும் ஆராய்ந்தோர் ஓரவையிலே கூடியிருத்தல் கூடும்.